ஆயாவின் முட்டை வித்தை

விரலால் அமுக்கி நிறுத்திய முட்டை, விரலை எடுத்ததும் தானாக மறுபடி சுற்றியது.

காரைக்குடி வீட்டு வளவில், ஆத்தங்குடிக் கல் தரையில், என் சென்னை நண்பர்கள் நாலு பேரும் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது பச்சை முட்டைப்பா. அவிச்சதுன்னா அப்படியே நின்னுரும்" என்றாள் ஆயா.

நின்றது ஓடு மட்டும்தான். உள்ளே கரு சுழன்றுகொண்டே இருக்கும். விரல் விலகியதும் ஓடும் கூடவே கிளம்பிவிடும். (இயற்பியல் படித்தவன் ஒருத்தன் கூட்டத்தில் இருந்தான். அவன் வாயும் பிளந்துதான் இருந்தது.)

"அந்தச் சுவத்தையும் தடவிப் பாருங்க. அதுலயும் முட்டைதான்."

சுண்ணாம்போடு வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பூச்சு. கண்ணாடி மாதிரி வழவழப்பு, மே மாத வெயிலிலும் சில்லென்று.

சின்ன வயதிலிருந்து முதுகு சாய்த்த சுவர். இன்றைக்குத்தான் நானும் உள்ளங்கை வைத்துப் பார்த்தேன்.

வித்தை காட்டிய முட்டை ராத்திரி ஆம்லெட் ஆனது.