திண்ணைதான் என் ஸ்டூடியோ

லைட், குடை, ஸ்டாண்டு எதுவும் வாங்காமல், வெளியில் தானாகக் கிடைக்கிற வெளிச்சத்திலேயே முகங்களை எடுத்துப் பழகுவது என்று ஆரம்பித்தேன். கையில் இருப்பது ஏபிஎஸ்-சி சென்சார் (ஃபுல்ஃபிரேமைவிடச் சிறியது) உள்ள கேமராவும் 50 மிமீ எஃப்/1.8 லென்ஸும் (வாய் நன்றாக அகலத் திறக்கும் லென்ஸ்). மாடல்கள் எல்லாம் வீட்டு ஆட்கள்: அத்தை, சித்தப்பா, எதிர்வீட்டுத் தம்பி. இடம் கும்பகோணம் பக்கம், எங்கள் பழைய ஓட்டு வீடு.

யூடியூபில் பாடம் எடுப்பவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது ‘கோல்டன் ஹவர்’, அதாவது சூரியன் தாழ்வாக இருக்கும் காலை, மாலைப் பொன்வெளிச்ச நேரம். நம் ஊரில் அது ஒரு மணி நேரம் நிற்பதே இல்லை. இங்கே சூரியன் கிட்டத்தட்ட நேர்குத்தாக ஏறுகிறது. அந்தப் பொன்வெளிச்சம் தீரும் அளவுக்கு, அடிவானத்திலிருந்து ஆறு டிகிரி ஏற, மார்ச் கடைசியில் லண்டனில் சுமார் 40 நிமிடம் ஆகும் என்றால் இங்கே 25 நிமிடத்தில் முடிந்துவிடும். அதிலும் முதல் பத்து நிமிடத்தைத் தென்னந்தோப்பு மறைத்துக்கொள்ளும். அத்தை புடவை மாற்றிப் பூ வைத்துக்கொண்டு வருவதற்குள் வெயில் வெளுத்துவிடுகிறது.

மத்தியானம் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் பிற்பகுதியிலும் உச்சிவெயில் சரியாகத் தலைக்கு மேலேயே வந்துவிடும். கண்குழி இரண்டும் கறுத்துப்போகும், மூக்கின் நிழல் மேலுதட்டில் விழும். மரத்தடிக்குப் போனால் இலை இடுக்கு வழியாக வட்ட வட்டமாக வெயில் விழுந்து முகம் முழுக்கப் புள்ளி. வேப்பமரம் இதில் மோசம், மாமரம் பரவாயில்லை.

கடைசியில் கை கொடுத்தது திண்ணை. தாழ்வாரத்து ஓடு மேலிருந்து வரும் வெளிச்சத்தை அடைத்துவிடுகிறது. வெயில் காய்கிற சிமென்ட் தெருவும் எதிர்ச்சுவரும் பக்கவாட்டிலிருந்தும் கீழிருந்தும் மெதுவாக வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகின்றன. உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குள் தெருவே வெள்ளையாய் மின்னுகிறது. ஆளைத் திண்ணையின் விளிம்பிலிருந்து ஓர் அடி உள்ளே தள்ளி உட்காரவைத்தால் போதும். விளிம்புக்கு வந்தால் நெற்றியில் வானத்து வெளிச்சம் ஏறிவிடும். சுவரோரம் போனால் முகம் சோர்ந்துவிடும். முகத்தைத் தெருவுக்கு நேராக வைக்காமல் தூண் பக்கம் கொஞ்சம் திருப்பினால் உள்பக்கக் கன்னம் இருட்டுக்குள் போய், கண்ணுக்குக் கீழே சின்ன முக்கோணமாக மட்டும் வெளிச்சம் நிற்கும். இன்னொரு சௌகரியம்: திண்ணையில் உட்கார்ந்தவரின் கண்ணும் தெருவில் நிற்கிற என் கேமராவும் ஏறக்குறைய ஒரே உயரம்.

பின்னால் திறந்திருக்கும் கதவும் ரேழி (வாசலுக்கு உள்ளே இருக்கும் நடை) இருட்டும் பேக்ரவுண்டாக அமைகின்றன. அந்த இருட்டைப் பார்த்துக் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிவிடும், முகம் வெளிறிவிடும். அதனால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, முக்கால் ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை குறைத்து வைக்கிறேன் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதி). காலை பத்து மணிக்கு ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 200, லென்ஸ் துவாரம் எஃப்/2.8, ஷட்டர் 1/320 நொடி பக்கம் சரியாக வருகிறது. எதிர்வீட்டுச் சுவர் இளம்பச்சை பெயிண்ட். அந்தப் பச்சை அப்படியே தாடையில் தெரிந்தது. சுவருக்கு முன்னால் கொடி கட்டி வெள்ளை வேட்டியைக் காயப்போட்டதும் போய்விட்டது.

போட்டோ என்றாலே அத்தைக்குப் பவுடர். கறுத்த முகத்தில் அழகே கன்னத்து மேட்டிலும் நெற்றியிலும் விழுகிற மினுமினுப்புதான். பவுடர் அதை அழித்து, சாம்பல் பூத்த நிறத்தைக் கொண்டுவருகிறது. “பவுடர் வேண்டாம் அத்தை, துடைச்சிடுங்க” என்றேன். “கறுப்பா விழுந்தா நீதான்டா பொறுப்பு” என்றார். படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் வாட்ஸ்அப் முகப்பில் அதைத்தான் வைத்திருக்கிறார்.

நிற்கவைப்பதுதான் வெளிச்சத்தைவிடக் கஷ்டம். சித்தப்பா கேமராவைக் கண்டதும் பள்ளிக்கூட டிரில் மாதிரி விறைத்துவிடுவார், கை இரண்டையும் என்ன செய்வதென்று தெரியாது. இதற்கு எனக்குப் பாடம் தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் கிடைத்தது. திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர் (காளையில் சாய்ந்து நிற்கும் சிவன்), 1011ஆம் ஆண்டுச் செப்புத்திருமேனி. பாரம் ஒரு காலில், மற்ற கால் குறுக்கே. ஒரு கை காளையின் மேல் சாய்ந்திருக்க வேண்டியது. காளை இப்போது இல்லை. சாய்ந்த கை மட்டும் காற்றில் நிற்கிறது, ஆனாலும் அங்கே காளை நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது. சரி, சித்தப்பாவுக்கு அவருடைய சைக்கிளைக் கொடுத்தேன். முழங்கை சீட்டில், உடல் பாரம் பின்காலில். இடுப்பு தானாக ஒசிந்தது, தோள் இறங்கியது. ‘ரிலாக்ஸா நில்லுங்க’ என்று எத்தனை தரம் சொன்னாலும் வராதது இது.

அத்தைக்குக் கையில் வேலை வேண்டும். பூத் தொடுக்கச் சொல்லிவிட்டுக் காத்திருப்பேன். குனிந்து தொடுக்கும்போது இமை கண்ணை மூடிவிடும், எடுப்பதில் பயனில்லை. நாரை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்கிற அந்த ஒரு நொடிதான் படம். தாடையை ‘கீழே இறக்குங்க’ என்றால் கழுத்தில் மடிப்பு விழுகிறது. ‘முகத்தைக் கொஞ்சம் என் பக்கம் நீட்டுங்க’ என்றால் தாடைக்கோடு தெளிவாக வருகிறது.

இப்போது பழகுவது ஆற்றங்கரையில் சாயங்கால எதிர்வெயில். ஆளுக்குப் பின்னால் சூரியன், முடியோரம் பொன்கோடு, முகத்துக்கு ஒரு தெர்மாகோல் அட்டையிலிருந்து திரும்பும் வெளிச்சம். எதிர்வீட்டுத் தம்பிதான் பிடிக்கிறான். மடியில் வைத்துப் பிடித்தால் கீழிருந்து அடித்துப் பேய்ப்படம் ஆகிவிடும். நெஞ்சு உயரத்தில், பக்கவாட்டில் பிடிக்கவேண்டும். அலுமினிய ஃபாயில் ஒட்டியும் பார்த்தேன், வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது, எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கொள்கிறார்கள். வெறும் அட்டையே தேவலை. ஆற்றங்கரைக் காற்றில் அது நிற்பதில்லை என்பதால், அடுத்து ஒரு மரச்சட்டத்தில் பழைய வேட்டியை இழுத்து ஆணியடித்துப் பார்க்கப்போகிறேன்.