பி.எஃப். எடுத்தாச்சு, பென்ஷன்?

2024 சித்திரை நோம்பிக்கு வந்திருந்த அப்பாவின் மில் கூட்டாளி, பேச்சோடு பேச்சாக, "எனக்கு பென்ஷன் மாசம் ஆயிரம் வருது மாப்ளே, பேரனுக்குத் தீனி வாங்கவாச்சும் ஆகுது" என்றார். அப்பா சிரித்தார். "நாந்தான் அப்பவே எடுத்துட்டனே."

2008-ல் மில்லை மூடியபோது வந்த பி.எஃப். பணத்தில்தான் ஓட்டைப் பிரித்துவிட்டு வீட்டுக்குக் கான்கிரீட் போட்டோம். அதோடு எல்லாம் தீர்ந்தது என்றே நினைத்திருந்தோம். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். மாதாமாதம் ஊர்ப்பட்ட பேருக்குப் பி.எஃப். கட்டுவது நான்தான். எனக்கே தோன்றவில்லை என்பதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

விஷயம் இதுதான். நம் சம்பளத்தில் பிடிக்கும் 12 சதவீதமும் பி.எஃப். கணக்குக்குப் போகிறது. முதலாளி போடும் பங்கில் 8.33 சதவீதம் தனியாகப் பென்ஷனுக்குப் போகிறது. இந்தப் பென்ஷன் பங்கு 1995 நவம்பர் 16-லிருந்து இருக்கிறது. பி.எஃப். பணத்தை வாங்கப் படிவம் 19. பென்ஷன் பக்கம் வேறு படிவம். பத்து வருடம் வேலை பார்த்துவிட்டால் பென்ஷன் பணத்தை மொத்தமாக எடுக்கவே முடியாது, 58 வயதிலிருந்து மாதாமாதம்தான் வரும். (எங்கள் கம்பெனிப் பிள்ளைகள் வேலை மாறும்போதெல்லாம் இரண்டையும் எடுத்துவிடுகிறார்கள். பத்து வருடம் சேர்வதே இல்லை.) அப்பா சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டிக்கொண்டிருந்துவிட்டு 1996 பிப்ரவரியில்தான் மில்லுக்குப் போனார். 2008 ஜூன் வரை பன்னிரண்டு வருடம், நான்கு மாதம்.

டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு பழைய பி.எஃப். சீட்டு கிடைத்தது. அதிலிருந்த எண்தான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்ணான யு.ஏ.என். வந்ததே 2014-ல், அப்பாவுக்கு எங்கிருந்து இருக்கும்? கோவை டாக்டர் பாலசுந்தரம் சாலையில் இருக்கும் பி.எஃப். அலுவலகத்தில் சீட்டைக் காட்டினோம். பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: பணம் எடுத்தாகிவிட்டது, பென்ஷன் பக்கம் யாரும் தொடவில்லை.

அப்புறம்தான் சிக்கல். மில்லில் சேர்க்கும்போது யாரோ வாய்க்கு வந்த வயதை எழுதியிருக்கிறார்கள். அப்பா பிறந்தது 1962 ஜூன், பதிவில் 1964 ஜூன். பெயரிலும் ஒரு எழுத்து வித்தியாசம். இரண்டு வருடம்தானே, விடு கண்ணு என்றார் அப்பா. நான் விடவில்லை. தாமதமாக விண்ணப்பித்தாலும் 58 முடிந்த நாளிலிருந்து நிலுவை கிடைக்கும். மில் எழுதிய தேதிப்படி போனால் இருபத்து நான்கு மாதப் பணம் போய்விடும். அப்பா படித்த பள்ளியில் டி.சி. நகல் வாங்கவே ஒன்றரை மாதம் ஆனது. ஆதார், டி.சி. இரண்டையும் வைத்துத் திருத்தத்துக்குக் கொடுத்தோம். முதலாளி கையெழுத்துப் போட மில்லே இல்லையே, அந்த இடத்தில் இப்போது வீட்டுமனைக் கல் நட்டிருக்கிறார்கள். அப்படி மூடிய மில் என்றால் பேங்க் மேனேஜர் கையெழுத்துப் போடலாம். மேனேஜர் சிக்கியது நாங்கள் மூன்றாவது முறை போனபோது. நடுவில் ஒரு புரோக்கர், வருவதில் கால் பங்கு கொடுத்தால் தானே முடித்துத் தருவதாகச் சொன்னார். கும்பிடு போட்டு அனுப்பிவிட்டேன்.

பென்ஷனுக்கான படிவம் 10டி. ஆதார், பாஸ்புக் நகல், குடும்ப விவரம் எல்லாம் சரி, கணவன் மனைவி சேர்ந்து எடுத்த போட்டோவும் வேண்டும். "ஏனுங்க, இந்த வயசுல சோடியா போட்டாவா?" என்று அம்மா நழுவப் பார்த்தார். அப்பாவுக்குப் பின்னால் அம்மாவுக்குப் பென்ஷன் போவதற்குத்தான் அந்தப் போட்டோ. அதை வாய்விட்டுச் சொல்லாமல் ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனேன்.

தொகை பெரிதில்லை. அப்பா வேலையை விட்டபோது இருந்த விதிப்படி, கடைசி ஒரு வருடச் சராசரிச் சம்பளத்தைப் பென்ஷன் கணக்கில் வரும் வருடங்களால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 4,200 பெருக்கல் 12, வகுத்தால் 720. குறைந்தபட்சம் 1,000 என்று 2014-ல் வைத்ததால் ஆயிரம் வருகிறது. நவம்பரில் நிலுவையோடு சேர்த்து 53,000 ஏறியது. பாஸ்புக்கை இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு அப்பா கேட்டார், "இத்தன வருசத்துக்கு வட்டி போடலியா அம்மிணி?" இல்லை என்றேன். முகம் கொஞ்சம் சுண்டியது. வருடத்துக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும் என்றதும், "இருக்கறனான்னு வருசா வருசம் கேப்பாங்களாக்கும்" என்றார்.

அடுத்த ஞாயிறே மஞ்சப்பையோடு இரண்டு பேர் வாசலில் நின்றார்கள், அதே மில், அதே ஷிப்டு. ஒருவர் ஒன்பது வருடம் ஏழு மாதம் வேலை பார்த்தவர். ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் ஒரு வருடமாக எடுத்துக்கொள்வார்கள், அதனால் அவருக்கும் பத்து ஆகிவிடுகிறது. சீட்டில் எண் இருந்த மூலையைத்தான் கரையான் தின்றிருக்கிறது. வீட்டில் வேறு பழைய சீட்டு ஏதாவது கிடக்கிறதா என்று தேடச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.