1414 என்று வெட்டிய வாள்

24 அக்டோபர் 2023, செவ்வாய்

நேற்றைய ஆயுத பூஜைக்குத் தஞ்சாவூரில் பெரியம்மா வீட்டில் வைத்திருந்த பழைய வாளை இன்று கூடத்து வெளிச்சத்துக்கு எடுத்துவந்து பார்த்தேன். அலகு 91 செ.மீ. நீளம், நேரானது, இருபுறமும் கூருடையது. அடிப்பகுதியில் 1414 என்ற எண்கள் தெளிவாக இருக்கின்றன. "அறுநூறு வருஷத்து வாள்னு உங்க தாத்தா சொல்லுவார்" என்றார் பெரியம்மா. எனக்கு அந்த எண்ணின்மேல் அப்போதே ஐயம். ஆண்டைப் பொறித்த கொல்லன் தன் பெயரையோ ஊரையோ ஓர் எழுத்துகூடப் பொறிக்காமலா விட்டிருப்பான்?

29 அக்டோபர், ஞாயிறு

இன்று முழுவதும் குங்குமம் அகற்றுவதிலேயே போயிற்று. ஆண்டுதோறும் இட்ட சந்தனமும் குங்குமமும் எண்ணெயோடு சேர்ந்து கல்லாக இறுகியிருந்தன. தையல் இயந்திர எண்ணெயில் நனைத்த பழைய பல்துலக்கியால் மெல்லத் தேய்த்தபோது, எண்களுக்கு மேலே சில உளி வெட்டுகள் தெரிந்தன: நான்கு கோடு கால், ஒரு முதுகு, ஒரு வால். ஒரு காலின் பள்ளத்தில் மட்டும் பித்தளை மின்னிற்று. மற்ற பள்ளங்களில் பித்தளை உதிர்ந்துபோய்க் குங்குமம்தான் நிறைந்திருந்தது. மறுபக்கத்தில் ஒன்றுமில்லை. எந்த ஆண்டிலோ யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். நல்ல எண்ணத்தோடுதான் செய்திருப்பார்கள். ஆனாலும் அந்தப் பக்கத்தைப் பார்க்க வயிறு எரிகிறது.

5 நவம்பர், ஞாயிறு

அந்த உளி வெட்டுகள் காட்டுவது ஓடும் ஓநாய். செர்மனியின் பாசாவ் நகரத்து வாள் கொல்லர்கள் இட்ட முத்திரை இது. பிறகு சோலிங்கன் கொல்லர்களும் இதையே எடுத்தாண்டார்கள், காக்கேசிய மலைநாட்டில்கூடப் போலி செய்தார்கள். ஓநாயின் அருகே 1414 போன்ற எண்கள் வருவது 16, 17ஆம் நூற்றாண்டு அலகுகளிலும் உண்டு. அவை ஆண்டுகள் அல்ல. வாங்குபவன் கண்ணுக்கு மந்திர எண்போலவோ தரச் சின்னம்போலவோ பட்டவை. மூசையில் உருக்கிய எஃகால் அடித்த நம் நாட்டு அலகுகளில் காணும் நீரலை வரிகளும் இதில் இல்லை. சாய்வெளிச்சத்தில் எத்தனை முறை பார்த்தாலும் ஒரே சீரான சாம்பல் நிறம்தான்.

கைப்பிடியின் கதை வேறு. விரல்களை மூடும் இரும்புக் கூடு, கைப்பிடித் தலையிலுள்ள கிண்ணித் தட்டின் உச்சியிலிருந்து இரண்டாம் கைக்காக நீளும் முளை, அலகின் அடியை இருபுறமும் கவ்விய பட்டைகள் எல்லாம் தக்காணத்து வேலைப்பாடு. ஐரோப்பிய அலகை வாங்கி நம் நாட்டுக் கைப்பிடியில் அரக்கு ஊற்றிப் பொருத்திய இவ்வகை வாளை மராத்தியர் 'பிரங்கி' என்றார்கள். நம் 'பறங்கி'யும் அதுவே. பறங்கிக்காய்க்கும் இந்த வாளுக்கும் ஒரே பெயர் என்றதும் பெரியம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

19 நவம்பர், ஞாயிறு

கூட்டின் உட்புறத்தில் பழைய தையல் துளைகள் இருக்கின்றன. விரல்முட்டி உரசாமலிருக்க மெத்தை தைத்த இடம். பட்டைகளின் ஆணிகளுள் இரண்டு மற்றவற்றோடு ஒட்டாத புது ஆணிகள். ஆக, இந்தக் கைப்பிடி ஒருமுறையேனும் கழன்று மீண்டும் பூட்டப்பட்டிருக்கிறது. சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள தஞ்சை அரண்மனை ஆயுதங்களை முன்பு பார்த்த நினைவோடு ஒப்பிட்டு, கைப்பிடியை மராத்தியர் ஆட்சிக்காலமான 1676-க்கும் 1855-க்கும் இடையில், பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டில் வைக்கிறேன். அலகு அதற்கு ஒரு நூற்றாண்டேனும் மூத்தது. நூறாண்டு கடந்த தொல்பொருள் என்பதால் இதை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக 1972ஆம் ஆண்டுச் சட்டம் இடம்தராது என்பதை, துபாயிலிருந்து வாளைக் கேட்டுக்கொண்டே இருக்கும் தம்பிக்கும் எழுதிவிட்டேன்.

அட்டைச் சீட்டில் இவ்வளவையும் எழுதிக் கைப்பிடியில் கட்டினேன். பெரியம்மா கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, "இருநூறு வருஷத்தை ஒரே மாசத்துல குறைச்சிட்டியேடா" என்றார். அடுத்த பூஜையில் கூட்டுக்கு மட்டும் பொட்டு, அலகுக்கு வெறும் எண்ணெய் என்று முடிவாயிற்று.