டார்ச்வுட் கார்டிஃபை விட்டுப் போனபோது

நல்ல தொடர் ஒன்று சரியத் தொடங்கினால் எல்லோரும் நடிகர்களையும் எழுத்தாளர்களையும் குறை சொல்வார்கள். நான் முதலில் பார்ப்பது, கதை இன்னும் தன் ஊரில்தான் நடக்கிறதா என்பதைத்தான். இந்தப் பழக்கம் எனக்கு 'டார்ச்வுட்' என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொடரைப் பார்த்து வந்தது.

2006 அக்டோபரில் பிபிசி த்ரீயில் அது தொடங்கியபோது நாங்கள் வேல்ஸின் தலைநகரான கார்டிஃபுக்குக் குடிவந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை. கணவருக்கு வேலை இருந்தது, எனக்கு இல்லை. மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும் குளிர்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. தெருப் பலகைகளில் ஆங்கிலத்தோடு வெல்ஷ் மொழியும் இருக்கும். இரண்டையும் வாசித்துப் பார்த்தபடி பஸ்ஸில் போய்வருவேன். அப்படியான நாட்களில், பகலில் நான் கடந்துவந்த கார்டிஃப் விரிகுடா இரவில் தொலைக்காட்சியில் வந்தது. ரோல்ட் டால் சதுக்கத்தில் உயரமான நீர்க்கோபுரம் ஒன்று நிற்கிறது. அதன் அடியில்தான், வேற்றுலகத்தாரைக் கையாளும் டார்ச்வுட் குழுவின் ரகசிய நிலவறை என்பது கதை. கோபுரத்தின் காலடியில் உள்ள ஒரு கல்லின் மேல் நின்றால் கீழே இறங்கிவிடலாம். மறுநாளே போய் அந்தக் கல்லைத் தேடினேன். புதிதாக வந்த ஊரில் நானாக விரும்பித் தேடிப் போன முதல் இடம் அது.

தொடர் எடுத்த எடுப்பிலேயே சிறப்பாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். 'டாக்டர் ஹூ' என்ற காலப்பயணத் தொடரிலிருந்து பிரிந்து வந்த, பெரியவர்களுக்கான தொடர் என்று காட்டிக்கொள்ளவே முதல் பருவத்தில் பல காட்சிகளை வலிந்து திணித்தார்கள். 'சைபர்வுமன்' பகுதியை இன்று பார்த்தாலும் எனக்குப் பொறுமை போய்விடும். ஆனால் அதே பருவத்தில்தான் 'அவுட் ஆஃப் டைம்' வந்தது. 1953-இல் புறப்பட்ட ஒரு சிறிய விமானம் காலத்தைத் தாண்டி இன்றைய கார்டிஃபில் வந்து இறங்குகிறது. அதில் வந்த மூன்று பேருக்கும் திரும்பிப் போக வழியில்லை. அவர்களுக்குப் புதிய அடையாள ஆவணங்கள் தருகிறார்கள், கடைக்கு அழைத்துப்போய்ப் பொருள்களைக் காட்டுகிறார்கள், இனி இங்கேதான் வாழ வேண்டும் என்கிறார்கள். இளம்பெண் எம்மா மெல்ல மெல்லப் பழகி வேலை தேடிக்கொள்கிறாள். விமானி டயான் மறுபடியும் வானத்துக்கே போய்விடுகிறாள். நடுவயது ஜானால் மட்டும் எதையும் ஏற்க முடியவில்லை. தன் மகனைத் தேடிப் போகிறார். மகன் முதியோர் இல்லத்தில் நினைவு தப்பிய கிழவராக உட்கார்ந்திருக்கிறார், அப்பாவை அடையாளம் தெரியவில்லை.

இந்தப் பகுதியில் பெரிய அரக்கனோ வெடிச்சத்தமோ கிடையாது. ஊர்விட்டு ஊர் வந்தவர்களைப் பற்றி நான் பார்த்ததில் இவ்வளவு நேர்மையான கதை குறைவு. மூன்று பேருக்கும் ஒரே ஊர், ஒரே உதவி, ஆனால் மூன்று முடிவுகள். எம்மாவாக இருந்துவிட வேண்டும் என்று அன்று நினைத்துக்கொண்டேன். ஜான் ஏன் அப்படி உடைந்துபோனார் என்பதும் எனக்கு நன்றாகவே விளங்கியது.

2008-இல் பிபிசி டூவுக்கு மாறிய இரண்டாம் பருவம் நிதானம் அடைந்திருந்தது. அதன் பிறகு வந்த 'சில்ட்ரன் ஆஃப் எர்த்'தான் உச்சம். பதின்மூன்று பகுதிகள் வந்துகொண்டிருந்த தொடரை ஐந்தாகக் குறைத்து, 2009 ஜூலை 6 முதல் 10 வரை பிபிசி ஒன்றில் ஐந்து இரவுகள் தொடர்ந்து ஒளிபரப்பினார்கள். குறைத்தது தொடருக்கு நன்மையாகவே முடிந்தது. வேற்றுலகத்தார் உலகக் குழந்தைகளில் பத்தில் ஒரு பங்கைக் கேட்கிறார்கள். யாரைக் கொடுப்பது என்று அமைச்சர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிறார்கள். யாரும் குரலை உயர்த்துவதில்லை. தண்ணீர்க் குவளைகளும் காகிதங்களும் கிடக்கும் மேசையில், தேர்ச்சிப் பட்டியலில் கடைசியில் இருக்கும் பள்ளிகளின் பிள்ளைகளைக் கொடுத்துவிடலாம் என்ற முடிவுக்கு வருகிறார்கள். ராணுவ வண்டி வந்து நிற்கும் இடங்களில் ஒன்று கார்டிஃப் குடியிருப்பு. குழுவைச் சேர்ந்த இயான்டோ ஜோன்ஸின் அக்கா வாழும் தெரு அது. நாங்கள் குடியிருந்த தெருவும் அப்படித்தான் இருக்கும். அரசாங்கம் இப்படிக் கணக்குப் போட்டால் என் வீட்டுப் பிள்ளை எந்தப் பக்கம் விழும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. ஒரு பொழுதுபோக்குத் தொடர் இந்த நாட்டைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாகப் பேசியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நான்காம் இரவில் இயான்டோ இறந்துபோனான். சில நாட்களில் விரிகுடாவின் மெர்மெய்ட் கீ பகுதியில், தொடரில் அவன் வந்துபோகும் கதவுப் பக்கத்துச் சுவரில் கடிதங்களும் பூக்களும் படங்களும் சேர ஆரம்பித்தன. கற்பனைப் பாத்திரத்துக்கு உண்மையான அஞ்சலிச் சுவர். அதை அகற்றாமல் விட்டுவைத்தார்கள், பல ஆண்டுகளாக வந்து ஒட்டிக்கொண்டே இருக்கிறார்கள். விருந்தினர் யார் வந்தாலும் நான் அங்கே அழைத்துப் போவேன். பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட கடிதங்கள், மழையில் மை கரைந்தவை, வேறு நாட்டு மொழிகளில் எழுதியவை. ஒரு தொடரைப் பாராட்ட விமர்சகர்கள் எழுதும் எதையும்விட அந்தச் சுவரைத்தான் பெரிதாக மதிக்கிறேன்.

அடுத்து 2011-இல் 'மிரக்கிள் டே'. அமெரிக்காவின் ஸ்டார்ஸ் அலைவரிசையோடு சேர்ந்து எடுத்தது. பத்துப் பகுதிகள், கூடுதல் வசதி. அமெரிக்காவில் முதலில் ஒளிபரப்பாகி, சில நாட்கள் கழித்துத்தான் எங்களுக்கு வந்தது. ஒரு நாளிலிருந்து உலகில் யாருமே சாவதில்லை என்ற அருமையான கரு. அதைக் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோய், துரத்தலும் துப்பாக்கியுமாக நீட்டி வீணாக்கிவிட்டார்கள். குழுவைச் சேர்ந்த குவென் கூப்பர் வேல்ஸில் இருக்கும் காட்சிகளில் மட்டும் பழைய உயிர் தெரிந்தது. அவளுடைய அப்பாவை முகாமிலிருந்து மீட்க அவள் போராடும் காட்சிகளில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கதை மறுபடி அமெரிக்கா போனதும் ஆர்வம் வடிந்துவிட்டது. மனிதர்கள் புது ஊரில் வேர்விட்டுக்கொள்வார்கள், நாங்களே செய்திருக்கிறோம். டார்ச்வுட்டால் முடியவில்லை. அந்தப் பருவத்தோடு தொலைக்காட்சியில் அதன் ஆட்டம் நின்றுபோனது.

தாய்த்தொடரான 'டாக்டர் ஹூ'வும் கார்டிஃபில்தான் உருவாகிறது. 2018-இல் தலைமை எழுத்தாளராகப் பொறுப்பேற்ற கிறிஸ் சிப்னாலின் காலத்தை ரசிகர்கள் பலர் ஒட்டுமொத்தமாகத் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நீட்டி முழக்கும் வசனங்கள் அதில் நிறைய உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வினய் படேல் எழுதிய 'டீமன்ஸ் ஆஃப் த பஞ்சாப்' அதே ஆண்டில் வந்ததுதான். 1947 பிரிவினையில் ஒரு குடும்பம், ஒரு திருமணம், அண்ணன் தம்பிக்குள் விழும் கோடு. கொலைகாரர்கள் என்று நாம் சந்தேகிக்கும் வேற்றுலகத்தார், தனியாகச் சாகிறவர்கள் அருகில் நிற்பதற்காக வந்தவர்கள். ஆயுதம் இருப்பதோ மனிதர்கள் கையில். தெற்காசியாவின் வரலாற்றைப் பிரிட்டனின் குடும்பத் தொடர் இவ்வளவு அக்கறையோடு கையாண்டதைப் பார்த்தபோது பெருமையாக இருந்தது.

டிஸ்னியோடு கைகோத்து எடுத்த பகுதிகள் 2023-இல் வரத் தொடங்கியபோது எனக்கு 'மிரக்கிள் டே'தான் ஞாபகம் வந்தது. டார்ச்வுட்டை உருவாக்கிய ரஸ்ஸல் டி டேவிஸ் திரும்பி வந்தார், காட்சிகள் பளபளத்தன, ஆனால் பருவத்துக்கு எட்டே பகுதிகள். எட்டில் ஒவ்வொன்றும் திருவிழாவாக இருந்தாக வேண்டும் என்ற அவசரத்தில் 'அவுட் ஆஃப் டைம்' போன்ற அமைதியான கதைக்கு இடமே மிஞ்சுவதில்லை. அந்தக் கூட்டு 2025-இல் முடிந்துவிட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை. கிராஃபிக்ஸ் குறையட்டும், பகுதிகள் கூடட்டும், புதிய எழுத்தாளர்களுக்கு இடம் கொடுக்கட்டும். முக்கியமாக, கார்டிஃப் தெருக்களை லண்டன் என்று சொல்லிக் காட்டுவதை விட்டுவிட்டு ஒரு பருவமாவது கார்டிஃபாகவே காட்டட்டும்.