ஊரில் இல்லாத நாட்களில் கப்பி: அத்தையிடம் தொட்டியை ஒப்படைத்துப் பார்த்த அனுபவம்

வேலை விஷயமாக அடிக்கடி கோவைக்குப் போகிறேன். போனால் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். சென்னை வீட்டு ஹாலில் இரண்டடித் தொட்டி, சுமார் 50 லிட்டர் தண்ணீர், கொளத்தூரில் வாங்கிய கப்பி மீன்களும் அவை போட்ட குட்டிகளும். நான் இல்லாதபோது தீனி போடுவது என் மாமியார். தை மாதம் தொடங்கி இந்த ஏற்பாட்டை ஒவ்வொரு பயணத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்த்தேன். இப்போது ஒரு வழிக்கு வந்திருக்கிறது.

அத்தைக்கு அந்த மீன்கள் மேல் அவ்வளவு பிரியம். சிக்கலும் அங்கேதான். ஆள் நிழல் கண்ணாடியில் பட்டாலே மொத்தக் கூட்டமும் மேலே ஏறி வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அப்போதுதான் தின்று முடித்திருந்தாலும் அப்படித்தான். ஆள் வந்தால் தீனி வரும் என்று பழகிவிட்டது, அவ்வளவே. "பாவம்மா, என்னையே பாக்குதுங்க" என்று அத்தை இன்னொரு சிட்டிகை போடுவார். நல்ல ஆரோக்கியமான, வளர்ந்த கப்பி ஒரு வாரம் தீனியே இல்லாமல் தாக்குப்பிடிக்கும். மிஞ்சிப்போன தீனியைத்தான் தாங்காது. அது அழுகி அமோனியா ஆகும். ஃபில்டர் பஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கி, பிறகு நைட்ரேட் ஆக்கும். ஆனால் வழக்கமாக வரும் அளவுக்குத்தான் அவை பெருகியிருக்கும். தீனி திடீரென்று இரண்டு பங்கானால் மிச்ச அமோனியா தண்ணீரிலேயே நிற்கும். தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். ஏற ஏற, சூடு ஏற ஏற அதன் விஷமும் ஏறும். என் தொட்டியில் பி.எச். 7.8, மே மாதத்தில் தண்ணீர் 31 டிகிரியைத் தொடுகிறது. அப்போது இரண்டும் சேர்ந்துகொள்ளும்.

முதலில் ஆட்டோ ஃபீடர் வாங்கிப் பார்த்தேன். தொட்டியின் ஈரக்காற்று பட்டுத் தூள் கட்டிப்போய், சில நாள் எதுவும் விழாமல், ஒரு நாள் மொத்தமாக விழுந்தது. வீட்டில் அக்கறையோடு ஒரு மனுஷி இருக்கும்போது அந்த இயந்திரம் எதற்கு என்று எடுத்து வைத்துவிட்டேன்.

அடுத்து காகிதப் பொட்டலம். ஒரு வேளைத் தீனியை விபூதிப் பொட்டலம் மாதிரி மடித்து, கிழமை எழுதி வைத்தேன். அளவு சரியாக வந்தது. மழைக்காலத்தில் மட்டும் காகிதம் ஈரத்தை இழுத்து, கடைசிப் பொட்டலங்களில் ஊசல் வாடை வந்தது. இப்போது பெரியவர்கள் வாரத்து மாத்திரை போட்டு வைக்கும் ஏழு அறை டப்பாதான். வாரத்துக்கு ஒரு டப்பா. ஒவ்வொரு அறையிலும் ஒரு நாளைக்கான தூள், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. கப்பியின் வாய் சின்னது, மேல்நோக்கி இருக்கும். அதனால் குருணையை இரண்டு விரலால் நசுக்கித்தான் நிரப்புகிறேன். மீதித் தீனி டின் பீரோவுக்குள் போய்விடும்.

வாரத்தில் இரண்டு அறையைக் காலியாக விட்டேன். செவ்வாய், வெள்ளி. மூடி மேல் "விரதம்" என்று எழுதினேன். வெள்ளிக்கிழமை தானே ஒருபொழுது இருப்பவர் என்பதால் அத்தை ஒரு வார்த்தை மறுக்கவில்லை. "அதுங்களுக்கும் வயிறு லேசா இருக்கட்டும்" என்றார். நான் பலமுறை விளக்கியும் நடக்காதது அந்த ஒரு சொல்லில் நடந்தது.

ஆனால் அளவைப் பிடுங்கிக்கொண்டால் மட்டும் போதாது என்று தோன்றியது. தொட்டி முன் நின்று எதையாவது செய்ய வேண்டும் என்கிற ஆசை அவருக்கு இருக்கிறது. அதைப் பார்க்கிற வேலைக்குத் திருப்பினேன். எல்லாம் தீனிக்கு வருகிறதா? மூலையில் தனியாக ஒன்று நிற்கிறதா? வாலை விரிக்காமல் ஒட்டிக்கொண்டு நீந்துகிறதா? ஆள் கிட்டே போகாதபோதும் மேல்மட்டத்திலேயே நின்று வாயைப் பிளக்கிறதா? தண்ணீர் பால் கலந்தது போல இருக்கிறதா? இதில் எது தெரிந்தாலும் தீனியை நிறுத்திவிட்டு எனக்குப் போன். ஏர் பம்ப்பை இன்வெர்ட்டர் லைனில் கொடுத்திருக்கிறேன். குமிழி வருகிறதா என்பதையும் பார்த்துவிடுவார். காலையில் வாட்ஸ்அப்பில் சின்ன வீடியோ வரும். ஒருமுறை அதில் நீல வால் ஆண் ஒன்று துடுப்பை உடம்போடு ஒட்டி, நின்ற இடத்திலேயே உடம்பை ஆட்டிக்கொண்டிருந்தது. "இது நேத்திலேர்ந்து நடுங்குதும்மா" என்று அத்தையின் குரல். தீனியை நிறுத்தி, எடுத்து வைத்திருந்த தண்ணீரை ஊற்றித் தொட்டித் தண்ணீரில் கால்பங்கு மாற்றச் சொன்னேன். அது பிழைத்துக்கொண்டது. நானே வீட்டில் இருந்திருந்தால்கூட அவ்வளவு சீக்கிரம் கவனித்திருப்பேனா தெரியாது.

தீனி மேலே பரவிச் செடிக்குள் சிக்காமல் இருக்க ஏர் ட்யூபில் ஒரு துண்டு வெட்டி, வளையமாக்கி மிதக்கவிட்டேன். அதற்குள் போட்டால் அங்கேயே நிற்கும். மிஞ்சியது கண்ணுக்குத் தெரியும்.

தண்ணீர் குறைந்தால் ஊற்றுவதற்குக் கண்ணாடியில் மார்க்கர் கோடு. கோட்டுக்குக் கீழே போனால் கேன் தண்ணீர் ஒரு சொம்பு. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பெல்லாம் தொட்டியிலேயே தங்கிவிடும். அதனால் குறைந்ததை நிரப்ப, உப்பு நீக்கிய ஆர்.ஓ. தண்ணீரான அந்தக் கேன் தண்ணீர் பொருத்தமானதே. தண்ணீர் மாற்றுவதற்கு அது ஆகாது, கப்பிக்கு உப்பும் தாதும் உள்ள கடினத் தண்ணீர்தான் வேண்டும். அதற்கு ஒரு பக்கெட் போர் தண்ணீர் பிடித்து மூடி வைத்துவிட்டுப் போகிறேன்.

ஒரு விஷயத்தை மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன். ஐப்பசி மழை வந்தால் கொசு வரும், கொசு வந்தால் கொசுவத்தியும் லிக்விடும் ஹாலுக்கு வரும். அவற்றில் இருக்கும் பைரெத்ராய்டு மருந்துகள் மீனுக்குக் கொடிய விஷம். தொட்டி மூடியிருந்தாலும் ஏர் பம்ப் அந்த அறைக் காற்றைத்தானே உறிஞ்சித் தண்ணீருக்குள் ஊதுகிறது? ஆகவே ஹாலில் கொசுவலை மட்டும், லிக்விட் படுக்கையறையில், கதவைச் சாத்திக்கொண்டு. கரப்பான் ஸ்ப்ரேயும் அப்படியே. மற்ற எதில் பிசகினாலும் சரிசெய்ய நேரம் கிடைக்கும், இதில் கிடைக்காது.

கிளம்புவதற்கு முன் என் பங்கு கொஞ்சம். கடைசி வாரத்தில் தீனியைக் குறைக்கிறேன். முந்தின நாள் கால்பங்கு தண்ணீர் மாற்றம். ஃபில்டர் பஞ்சை அதே சமயம் தொடுவதில்லை. புது மீன் எதுவும் சேர்ப்பதில்லை. நோய் இருந்தால் அது வெளிப்படும்போது நான் ஊரில் இருக்க மாட்டேன். குட்டிகளுக்கு ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை தீனி வேண்டும், அதை அத்தை தலையில் கட்ட மனமில்லை. வயிற்றின் பின்புறக் கரும்புள்ளி பெரிதாகிப் பிரசவத்துக்கு நிற்கும் பெட்டைகளைத் தனியே பிரிக்காமல், ஜாவா மாஸ் என்கிற தண்ணீர்ப் பாசிச் செடியை அடர்த்தியாகப் போட்டுவிடுகிறேன். அதற்குள் ஒளிந்து, மாஸில் படியும் நுண்ணுயிரைக் கொறித்தே சில குட்டிகள் தேறிவிடுகின்றன.

போன தடவை திரும்பி வந்ததும் சோதித்ததில் அமோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 40 பி.பி.எம். நைட்ரேட் எனக்கு வேண்டியதைவிட அதிகம். ஒரே நாளில் பாதித் தண்ணீரை மாற்றினால் பழகிய தண்ணீர் சட்டென்று மாறி மீன் அதிரும் என்பதால், ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு பக்கெட்டாக மாற்றி வருகிறேன். மணி பிளான்ட் கொடி ஒன்றின் வேரையும் தொட்டிக்குள் இறக்கியிருக்கிறேன், நைட்ரேட்டை அது இழுக்கும். அடுத்த பயணத்துக்குள் 20-க்குக் கீழே வந்துவிட வேண்டும்.