புது ஆன்டிவைரஸும் உறைந்த திரையும்

மார்ச் 3

புது ஆன்டிவைரஸைப் போட்ட கையோடு தொல்லை ஆரம்பித்துவிட்டது. ஒரு கோப்பைத் தரவிறக்கிக்கொண்டிருக்கும்போதே திரை அப்படியே நின்றது. மவுஸ் அசையவில்லை. ஓடிக்கொண்டிருந்த பாட்டு ஓரிடத்தில் சிக்கி 'ட்ர்ர்ர்' என்று இழுத்தது. கேப்ஸ் லாக்கைத் தட்டினேன், விளக்கு மாறவில்லை. அந்தக் குட்டி விளக்கு மாறினால் உள்ளே உயிர் இருக்கிறது, ஏதோ ஒரு செயலிதான் மக்கர் செய்கிறது என்று கொள்ளலாம். மாறாவிட்டால் கோளாறு இன்னும் ஆழத்தில், பெரும்பாலும் டிரைவர் (விண்டோஸின் அடியாழத்தில் ஓடும் மென்பொருள்) மட்டத்தில். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன்.

மார்ச் 4

டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் பயன்பாடு 100 சதவீதம். இது முதல் முழு ஸ்கேன். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் மணிக்கணக்கில் ஓடும். இதற்குப் பயந்து பாதியில் நிறுத்துகிறவர்கள் அதிகம். நிறுத்தினால் பெரும்பாலும் மறுபடி ஆரம்பத்திலிருந்து வரும். ஸ்லீப்பை அணைத்துவிட்டு இரவெல்லாம் ஓடவிட்டேன்.

மார்ச் 5

ஸ்கேன் முடிந்தது, டிஸ்க் அமைதி. ஆனால் ஒரு ஜிப் கோப்பைப் பிரித்ததும் மறுபடி ஹேங். ஆக நேற்றைய மந்தம் வேறு, இது வேறு.

விண்டோஸின் நிகழ்வுக் குறிப்பேடான ஈவன்ட் வியூவரைத் திறந்தால் சிவப்பில் முதலில் கண்ணில் படுவது 'கெர்னல் பவர் 41'. பலரும் இதைப் பார்த்து பவர் சப்ளையை மாற்றக் கிளம்பிவிடுகிறார்கள். கணினி முறையாக அணைக்கப்படவில்லை என்று மட்டுமே அது சொல்கிறது. நான்தானே பட்டனை அழுத்தி அணைத்தேன்! அதற்கு முந்தைய வரிகளில்தான் விஷயம் இருக்கும்.

ஷிஃப்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து, அத்தியாவசியமான டிரைவர்கள் மட்டும் ஓடும் சேஃப் மோடுக்குப் போனேன். (விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரில் டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் மீட்புச் சாவியைக் கேட்கலாம். முதலிலேயே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.) அங்கே அதே ஜிப் கோப்பு சமர்த்தாகப் பிரிந்தது. ஆனாலும் கிராபிக்ஸ் டிரைவரும் அங்கே முழுதாக ஓடாது என்பதால், இதை மட்டும் வைத்து ஆன்டிவைரஸைக் குற்றவாளி ஆக்கிவிட முடியாது.

மார்ச் 7

பிடிபட்டது. அட்மின் உரிமையோடு கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து fltmc என்ற ஐந்தெழுத்தை அடித்தால், கோப்பு போக்குவரத்தின் நடுவே உட்கார்ந்திருக்கும் ஃபில்டர் டிரைவர்கள் வரிசையாக வரும். பக்கத்தில், வரிசையில் அதன் இடத்தைச் சொல்லும் 'ஆல்டிட்யூட்' என்றொரு எண். ஆன்டிவைரஸுக்கு ஒதுக்கப்பட்டவை 3,20,000-இல் தொடங்கி 3,30,000-க்குள் இருக்கும். அந்த வரம்புக்குள் புதியதன் பெயரும் இருந்தது, எப்போதோ அன்இன்ஸ்டால் செய்த பழையதன் பெயரும் இருந்தது. செயலிப் பட்டியலில் பழையது இல்லை. அதன் டிரைவர் மட்டும் போகவே இல்லை. ஒரே வாசலில் இரண்டு காவலாளிகள், ஒருவர் பார்த்து முடிக்கட்டும் என்று மற்றவர் காத்திருக்கிறார். கோப்பு எப்படி உள்ளே போகும்?

இந்த மட்டத்தில் பிசகினால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19 அன்று உலகமே பார்த்தது. பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக்கின் ஒரு பிழையான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின.

மார்ச் 8

முக்கியமான கோப்புகளை வெளி டிரைவுக்கு நகலெடுத்தேன். பழைய ஆன்டிவைரஸின் தயாரிப்பாளரே தரும் நீக்கும் கருவியை சேஃப் மோடில் ஓட்டினேன். டிரைவர் கோப்பைத் தேடிப்பிடித்துக் கையால் அழிக்கச் சொல்லும் வீடியோக்கள் உண்டு. விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் பதிவு அப்படியே நிற்க, கோப்பு மட்டும் போனால் பூட் ஆவதே சந்தேகம். புதியதையும் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன். விண்டோஸ் டிஃபெண்டர் தானே விழித்துக்கொண்டது. அன்று முழுக்க ஹேங் இல்லை.

மார்ச் 12

புதியதை மறுபடி போட்டுப் பார்த்தேன். அதே ஜிப், அதே தரவிறக்கம், ஒரு சிக்கலும் இல்லை. சி டிரைவ் முழுவதையும், ஸ்கேன் செய்யாமல் விடும் விலக்குப் பட்டியலில் சேர்த்தால் இன்னும் வேகமாகும் என்று நண்பன் சொன்னான். அப்புறம் ஆன்டிவைரஸ் எதற்கு? கணினிக்குள் மென்பொருளாக ஓடும் மெய்நிகர் கணினியின் பெரிய டிஸ்க் கோப்பை மட்டும் சேர்த்தேன், டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் தொடவில்லை.