லைக்லி லெட்டர் வரும் காலம்

பிப்ரவரி பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் போன் 'டிங்' என்றாலே எல்லோரும் ஒரு நொடி பேச்சை நிறுத்திவிடுகிறோம். மகள் விண்ணப்பித்திருப்பது ஐவி லீக் எனப்படும் அமெரிக்காவின் பெயர்பெற்ற பல்கலைக்கழகக் கூட்டத்துக்கு; அதன் 8 கல்லூரிகளும் வழக்கமான சுற்றில் சேர்க்கை முடிவைச் சொல்வது மார்ச் கடைசி வாக்கில்தான், ஆனால் கைநழுவிப் போய்விடக்கூடாது என்று கல்லூரிகள் நினைக்கும் சில பிள்ளைகளுக்கு மட்டும் முன்கூட்டியே 'லைக்லி லெட்டர்' என்று ஒன்று வரும், இதே மாதிரி படித்துக்கொண்டிரு, உனக்கு இடம் உண்டு என்று நாசூக்காகச் சொல்கிற கடிதம். விளையாட்டு வீரர்களுக்கு அக்டோபரிலிருந்தே போக ஆரம்பித்துவிடும். வராவிட்டால் இடமில்லை என்று அர்த்தமே கிடையாது, சேருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அது வருவதே இல்லை.

இதையெல்லாம் மகளுக்குப் பாடம் எடுத்தவன் நான்தான். எடுத்துவிட்டு ராத்திரி 11.30க்கு அவளுடைய ஸ்பாம் பெட்டியைத் துழாவுகிறவனும் நான்தான் (நல்லவேளை, அவள் முகநூல் பக்கம் வருவதில்லை).

நேற்று கல்லூரிப் பெயரோடு ஒரு மின்னஞ்சல். கை நடுங்கியது. திறந்தால், நிதியுதவி விண்ணப்பத்தில் ஒரு படிவம் குறைகிறதாம்.

"அப்பா, படிவம் கேக்குறாங்கன்னா நல்ல சகுனம்தானே?" என்கிறாள்.

சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். இப்போது அந்த வரிப் படிவத்தைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன், எங்கே வைத்தேனோ.